‘தோற்றால் ஒரு பைசா தர வேண்டாம்’ என்கிறவரின் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

“என் தம்பிக்கு 34 வயது. தேங்காய் லோடு ஏற்றி இறக்கும் வேலை, மாதம் 15,000 ரூபாய் கிடைக்கும். நாலு மாதத்துக்கு முன் பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் வரும்போது, கோபாலபுரம் செக்போஸ்ட் வருவதற்கு முன்னால், தமிழ்நாட்டு எல்லைக்குள், லாரி இடித்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கோயம்புத்தூரில் தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள், 4,60,000 ரூபாய் ஆனது. கைக்கடன் வாங்கித்தான் கட்டினோம். இப்போது ஒருவர் வீடு தேடி வந்து, கேஸ் முடியும்வரை செலவுக்கு 2 லட்சம் தருகிறோம், வக்கீலையும் நாங்களே வைக்கிறோம், ஜெயித்தால் எங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறோம், தோற்றால் ஒரு பைசா தர வேண்டாம் என்கிறார். ஒப்பந்தம் இங்கிலீஷில் 9 பக்கம், நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குள் கேஸ் போடவில்லை என்றால் போச்சு என்று அவசரப்படுத்துகிறார். தம்பி 25,000 ரூபாய் டோக்கன் வாங்கிக்கொண்டு, கையெழுத்து மட்டும் போட்ட செக் இரண்டு கொடுத்துவிட்டான். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இது கடனா, இல்லையா? இதில் வரும் வார்த்தைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? போடலாமா?”

சகோதரி, போட வேண்டாம். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஆனால் அந்த மனிதர் நாளைக்கே திரும்பி வரலாம் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

9 பக்கத்தையும் படித்தேன். முக்கால்வாசி அமெரிக்காவில் புழங்கும் ஒரு படிவத்திலிருந்து எடுத்தது, ஊர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் ‘ஜூரி தீர்ப்பு வந்த பிறகு’ என்று கூட இருக்கிறது. விபத்து நஷ்டஈட்டை முடிவு செய்யும் நம் மோட்டார் விபத்து ட்ரிப்யூனலில் ஜூரிக்கு, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, நாற்காலியே கிடையாது. அமெரிக்காவில் இது பெரிய தொழில். அங்கே அடிபட்டவர் வழக்குப் போட்டால் முடிய வருடக்கணக்கில் ஆகும், வேலை போயிருக்கும், வாடகை கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிக் கடன் இருக்கும்; எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் சொற்பத் தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாமா என்று தோன்றும். அந்த நேரத்தில் ஒரு கம்பெனி வந்து, வழக்கில் கிடைக்கப்போவதில் ஒரு பங்கை முன்கூட்டியே விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பணம் கொடுக்கும். வழக்குத் தோற்றால் கொடுத்தது போனதுதான். அந்த ஆபத்தை அவர்கள் தலையில் ஏற்றுக்கொள்வதால்தான் அவ்வளவு பெரிய பங்கு கேட்கிறார்கள். அங்கே தோற்பது நிஜமாகவே நடக்கும், ஆகவே அந்த விலைக்கு ஏதோ ஒரு நியாயமாவது உண்டு.

உங்கள் தம்பி கேஸில் அந்த ஆபத்து எங்கே இருக்கிறது? போலீஸ் எஃப்ஐஆர் லாரி டிரைவர் மேல்தான் போட்டிருக்கிறது, லாரிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று நாளைக்குத் தெரியவந்தால்கூட, ட்ரிப்யூனல் பெரும்பாலும் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு லாரி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். இந்த மாதிரிக் கேஸில் சண்டையெல்லாம் எவ்வளவு, எப்போது என்பதைப் பற்றித்தான். தம்பி மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது, ஹெல்மெட் போடவில்லை என்று சொல்லித் தொகையில் கழிக்கப் பார்ப்பார்கள். ஒன்றுமே கிடைக்காமல் போவது ரொம்ப அபூர்வம். ஆக, தோற்றால் தர வேண்டாம் என்று அவர் பெரிய சலுகையாகச் சொல்வது, கூரைக்குள் நிற்பவருக்குக் குடை வாடகைக்கு விடுகிற மாதிரி. குடை நல்ல குடைதான், ஆனால் வாடகை எதற்கு?

அந்த வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நாலாவது பிரிவில் எழுதியிருப்பது: தீர்ப்புத் தொகையில் 35 சதவீதம், அல்லது கொடுத்த 2 லட்சமும் அதன் மேல் மாதம் 3 சதவீதம் கூட்டுவட்டியும், இரண்டில் எது அதிகமோ அது. நூற்றுக்கு மூணு ரூபாய் வட்டி நம் ஊரில் கேள்விப்படாததில்லை, ஆனால் இங்கே அது மாதாமாதம் அசலோடு சேர்ந்து, சேர்ந்த வட்டிக்கும் வட்டி ஓடுகிறது. இரண்டு வருடத்தில் 2 லட்சம் 4,06,000 ஆகும். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட 5,80,000. நாலு வருடம் இழுத்தால் 8,26,000 தாண்டும். இழுக்குமா என்று கேட்டால், இழுக்கும். தீர்ப்பு வந்த பிறகும் கம்பெனி 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் போடலாம். சட்டப்படி அதற்கு அவர்கள் முதலில் கட்ட வேண்டியது 25,000 ரூபாய் அல்லது தீர்ப்பில் பாதி, எது குறைவோ அது. ஸ்டே (தீர்ப்புக்கு இடைக்காலத் தடை) வேண்டுமென்றால் ஹைகோர்ட் பெரும்பாலும் அதைவிட அதிகம் கட்டச் சொல்லும் என்பது வேறு விஷயம். அத்தனை மாதமும் உங்கள் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ட்ரிப்யூனல் உங்களுக்கு வாங்கிக் கொடுக்கும் வட்டியோ தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருடத்துக்கு 7.5 சதவீதம், அதுவும் தனிவட்டி.

தம்பிக்கு எவ்வளவு வரலாம்? உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கணக்குப் போடும் முறை ரகசியம் இல்லை. வருட வருமானம் 1,80,000. சொந்த உழைப்பில் வாழ்கிறவர், 40 வயதுக்குக் கீழே, ஆகவே எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், இது 2017இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்தது. 2,52,000 ஆயிற்று. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16, இது 2009 தீர்ப்பிலிருந்து வருகிறது. பெருக்கினால் 40,32,000. இதில் உடல் ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்தப் பங்குதான் உங்களுக்கு. 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 8,06,400. ஆஸ்பத்திரிச் செலவு 4,60,000 சேர்த்தால் 12,66,400, அப்புறம் வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு என்று தனித்தனியாக வரும்.

இந்த 20 சதவீதம் என்கிற இடத்தில்தான் நல்ல வக்கீல் வேலை செய்வார். மெடிக்கல் போர்டு கொடுக்கும் சதவீதம் உடம்பைப் பற்றியது. ஆனால் அதே கால் முறிவு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஒன்று, தேங்காய் மூட்டை தூக்குகிறவருக்கு வேறு. ட்ரிப்யூனல் பார்க்க வேண்டியது அவர் செய்த வேலையில் எவ்வளவு நஷ்டம் என்பதைத்தான் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் ‘எங்கள் வக்கீல்’ இதற்கு மெனக்கெடுவாரா, அல்லது எண்ணிக்கைக்காகச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போவாரா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட வார்த்தைகளுக்கு வருகிறேன்.

‘நான்-ரிகோர்ஸ்’ என்பதைத்தான் அவர் தோற்றால் தர வேண்டாம் என்று சொல்கிறார். அதாவது தீர்ப்புத் தொகையிலிருந்து மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் வீடு, நகை, சம்பளம் எதன் மேலும் கை வைக்க மாட்டார்கள். அர்த்தம் அதுதான். ஆனால் ஐந்தாவது பிரிவில் ‘கீழ்க்கண்டவை தவிர’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது பாருங்கள். வக்கீலை மாற்றினால், மனுவைத் திரும்பப் பெற்றால், அவர்களைக் கேட்காமல் சமரசம் செய்தால், கொடுத்த தகவலில் ‘ஏதேனும் ஒன்று’ தவறாக இருந்தால், முழுத் தொகையும் உடனே தம்பியின் சொந்தக் கடனாகிவிடும். மாதம் 15,000 சம்பாதித்தேன் என்று சொல்லி, ட்ரிப்யூனல் 12,000 என்று எடுத்துக்கொண்டால் அது தவறான தகவலா? அவர்கள் ஆமாம் என்று சொல்ல இந்த வாசகம் இடம் கொடுக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த இரண்டு செக். கையெழுத்து மட்டும் போட்டு, தொகை எழுதாமல் கொடுத்த செக்கை வாங்கியவர் நிரப்பிக்கொண்டு பேங்கில் போட்டால், பணம் இல்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138இல் கிரிமினல் கேஸ். கடன் இருந்தது என்றே கோர்ட் முதலில் ஊகிக்கும், இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு தம்பிக்கு வந்துவிடும். தொகையை வேறொருவர் நிரப்பினார் என்பதற்காக மட்டும் அந்த ஊகம் போய்விடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். செக் வாங்கி வைத்துக்கொள்கிறவர் வாயில் நான்-ரிகோர்ஸ் என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.

ஏன் செக் கேட்கிறார் என்பதும் புரிய வேண்டும். ஒப்பந்தத்தில் ‘லீன்’ என்று வருகிறது, தீர்ப்புத் தொகை மேல் முதல் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சமரசத் தொகை முதலில் வக்கீலின் டிரஸ்ட் கணக்குக்கு வரும், அவர் கம்பெனி பங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் கட்சிக்காரரிடம் தருவார். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. தொகை நேராக அடிபட்டவரின் சொந்த பேங்க் கணக்குக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் கட்சியாக இருந்த ஒரு வழக்கில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சிறுவர்கள் போன்றவர்களின் தொகையைப் பிக்சட் டெபாசிட்டில் போட வேண்டும், அந்த டெபாசிட்டின் மேல் பேங்க் கடன் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டு முறைகள் வகுத்தார்கள். நஷ்டஈடு வந்த மறுநாளே அதை உறிஞ்சிக்கொள்ள ஆட்கள் வருவார்கள் என்று கோர்ட்டுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. லீன் இங்கே எடுபடாது என்பது இந்த ஏஜென்டுக்கும் தெரியும், அதனால்தான் செக், பாஸ்புக், ஆறாவது பிரிவில் பவர், அதாவது தம்பிக்குப் பதிலாக அவர்களே கையெழுத்துப் போடும் அதிகாரம்.

அந்தப் பவர் ‘திரும்பப் பெற முடியாத’ பவர். சாதாரணப் பவரை நாம் ரத்து செய்துவிடலாம். ஆனால் பவர் வாங்கியவருக்கே அந்த விஷயத்தில் சொந்தப் பணப் பங்கு இருந்தால், ஒப்பந்தச் சட்டம் 202ஆம் பிரிவைக் காட்டி ரத்து செய்ய விடாமல் தகராறு செய்யலாம். அதற்காகத்தான் அந்த வார்த்தையை அங்கே வைத்திருக்கிறார்கள். எட்டாவது பிரிவு சமரசத்துக்கு அவர்கள் சம்மதம் வேண்டும் என்கிறது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) இன்சூரன்ஸ் கம்பெனி 11 லட்சம் தருகிறேன் என்று வந்து, தம்பிக்கு அது போதும் என்று பட்டாலும், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கால் யாருடையது, முடிவு யாருடையது?

‘அசைன்மென்ட்’, அதாவது கேஸில் உள்ள உரிமையையே அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுப்பது. இது இங்கே நிற்காது. வழக்குப் போடும் வெறும் உரிமையை மாற்றிக் கொடுக்க முடியாது என்று சொத்து மாற்றச் சட்டம் 6(இ) சொல்கிறது. தீர்ப்பு வந்து, இவ்வளவு தொகை என்று முடிவான பிறகு கதை வேறு. ஆனால் அந்தப் பிரிவு செல்லாது என்பதால் மொத்த ஒப்பந்தமும் செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். கிடைக்கும் பணத்தில் பங்கு தருகிறேன் என்ற வாக்குறுதி தனியாக நிற்கும் என்று வாதாடுவார்கள்.

‘வாட்டர்ஃபால்’ என்று ஒன்பதாவது பிரிவுக்குத் தலைப்பு. பயப்பட ஒன்றுமில்லை, யாருக்கு முதலில் பணம் என்ற வரிசைதான். அவர்கள், அப்புறம் வக்கீல், அப்புறம் ‘இதர செலவுகள்’, கடைசியில் தம்பி. தகராறு வந்தால் மத்தியஸ்தம் மும்பையில் என்று பதினொன்றாவது பிரிவு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மும்பைக்குப் போய் வழக்காடும் செலவே உங்களைப் பேசாமல் இருக்க வைத்துவிடும், எண்ணமும் அதுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, இது கடனா? இரண்டாவது பிரிவில் ‘இது கடன் அல்ல, எதிர்கால வருவாயில் ஒரு பங்கை விலைக்கு வாங்குவது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கடன் என்று ஒப்புக்கொண்டால் வட்டிச் சட்டங்கள் எல்லாம் வந்து நிற்கும், அதனால்தான். அமெரிக்காவிலேயே இதில் கோர்ட்டுகள் ஒத்துப்போகவில்லை. ஓஹியோ மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் இந்த மாதிரி ஒப்பந்தமே செல்லாது என்றது, சில வருடத்தில் அங்கே சட்டம் போட்டு அனுமதித்தார்கள். கொலராடோ உச்ச நீதிமன்றம் 2015இல் பெயரை என்ன வைத்தாலும் இது கடன்தான் என்றது. நம் பக்கம் கேரளத்தில் 2012இலிருந்தும் தமிழ்நாட்டில் 2003இலிருந்தும் கந்துவட்டிக்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது, கேரளத்தில் வட்டிக்கு விட லைசென்ஸ் வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் ப்ளேடுக்காரர்கள், அதாவது அநியாய வட்டிக்கு விடுகிறவர்கள் மேல் 2014இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற போலீஸ் வேட்டை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மாதம் 3 சதவீதம் கூட்டுவட்டி என்று எழுத்திலேயே எழுதிவிட்டு இது கடன் இல்லை என்று சொன்னால், என் பார்வையில் அது வெறும் மேல்பூச்சு.

அதற்காக, வழக்குக்கு வெளி ஆள் பணம் போடுவதே இந்தியாவில் குற்றம் என்று நினைக்க வேண்டாம், நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். சம்பந்தமில்லாதவர் அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுத்துப் பங்கு வாங்குவதை இங்கிலாந்தில் பழைய காலத்தில் குற்றமாக வைத்திருந்தார்கள், அதற்குச் ‘சாம்பர்டி’ என்று பெயர், உங்கள் ஒப்பந்தத்திலும் ‘இது சாம்பர்டி அல்ல’ என்று ஒரு வரி வருகிறது. அந்தச் சட்டம் இங்கே அப்படியே பொருந்தாது என்று 1876இலேயே, கல்கத்தாவிலிருந்து போன ஒரு வழக்கில், அப்போது நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கூடவே ஒன்று சொன்னது: ஏழையின் அவசரத்தைப் பயன்படுத்தி அநியாயமாகப் பங்கு கேட்டால் கோர்ட் அதை நிறைவேற்றித் தராது. 2018இல் உச்ச நீதிமன்றமும், வக்கீல் அல்லாத மூன்றாம் நபர் வழக்குக்குப் பணம் போட்டு முடிவுக்குப் பின் திரும்பப் பெறத் தடை இல்லை என்று குறிப்பிட்டது.

வக்கீல் அல்லாத என்பதைக் கவனியுங்கள். ஏழாவது பிரிவில் ‘வக்கீலுக்குத் தனியாகத் தீர்ப்பில் 15 சதவீதம்’ என்று இருக்கிறது. ஜெயித்தால் மட்டும் சதவீதத்தில் பீஸ் வாங்குவது அமெரிக்காவில் வழக்கம், அங்கே மூன்றில் ஒரு பங்கு வரை சாதாரணம். இங்கே பார் கவுன்சில் விதிப்படி தடை. வெற்றியைப் பொறுத்துப் பீஸ் பேசக் கூடாது, வழக்கில் கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது, தான் நடத்தும் வழக்குக்காகக் கட்சிக்காரருக்குக் கடனும் கொடுக்கக் கூடாது. 1954இல் ஒரு வக்கீல் கட்சிக்காரரோடு சரிபாதிப் பங்கு பேசினார் என்பதற்காக உச்ச நீதிமன்றமே தண்டித்திருக்கிறது. விபத்துக் கேஸ்களில் சதவீதம் பேசுவது ஊரெல்லாம் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது, என் தொழிலில் இருப்பவர்கள்தான் செய்கிறார்கள், தப்புதான். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நிறுத்திக் கேஸ் பிடிப்பதும் தப்புதான். பணம் கொடுக்கிறவரும் வக்கீலும் ஒரே பையோடு வருகிறார்கள் என்றால், பணம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறு மாதக் கெடு பற்றி அவர் சொன்னது மட்டும் பொய் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மனுப் போட 2 லட்சம் எதற்கு? தம்பி வருட வருமானம் 3 லட்சத்துக்குக் கீழே, ஆகவே இலவச சட்ட உதவிக்குத் தகுதி இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் சித்தூர் தாலுக்கா சட்டப் பணிக் குழு (நம்ம சித்தூர், ஆந்திராச் சித்தூர் இல்லை), அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். வக்கீலும் அவர்களே தருவார்கள்.

எங்கே போடுவது என்பதில் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மூன்றில் எதிலும் போடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் போட்டால் எம்.சி.ஓ.பி. என்று நம்பர் வரும், பாலக்காட்டில் போட்டால் ஓ.பி.(எம்.வி.). எஃப்ஐஆர், சாட்சி, டாக்டர் எல்லாம் அந்தப் பக்கம், எஃப்ஐஆர் தமிழில் இருக்கும், பாலக்காட்டில் போட்டால் மொழிபெயர்ப்பும் டாக்டரை வரவழைப்பதும் கொஞ்சம் அலைச்சல். ஆனால் கால் சரியில்லாதவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோயம்புத்தூர் பஸ் ஏறுவது அதைவிட அலைச்சல். நான் என்றால் பாலக்காட்டில்தான் போடச் சொல்வேன். தமிழ்நாட்டு போலீஸ் 90 நாளுக்குள் ட்ரிப்யூனலுக்கு விரிவான விபத்து அறிக்கை கொடுத்திருக்க வேண்டும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், லாரி பாலிசி நம்பர், லைசென்ஸ் விவரம் எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து, தப்பு யாருடையது என்று பார்க்காமல் மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில் 2,50,000 உடனே தருகிறோம் என்று சொல்லலாம். பலத்த காயத்துக்கு அந்தத் தொகை சட்டத்தில் இருக்கிறதுதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கினால் 166ஆம் பிரிவில், அதாவது முழு நஷ்டஈடு கேட்டு ட்ரிப்யூனலில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே போட்ட 12 லட்சக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டுச் செலவுக்கு இப்போது பணம் வேண்டும் என்பது நிஜம், அதை நான் மறுக்கவில்லை. கொஞ்சம் நகை மிச்சம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பேங்கில் நகைக்கடன் வட்டி வருடத்துக்குத்தான் 9, 10 சதவீதம் என்ற அளவில் வரும், அவர் கேட்பது மாதத்துக்கு 3. குடும்பஸ்ரீ (கேரள மகளிர் சுயஉதவி) குழுவில் இருந்தால் அங்கே கேளுங்கள், சர்வீஸ் கோ-ஆபரேட்டிவ் பேங்கில் கேளுங்கள். பிளேட் எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருந்தால், கேரள அரசின் காருண்யா ஆரோக்கியத் திட்டத்தில் குடும்பம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. (மற்ற வாசகர்களுக்கு: தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே கேளுங்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.)

கடைசியாக அந்த 25,000. அதைக் கையில் கொடுக்காதீர்கள். பேங்க் மூலமாக அவர் கணக்குக்கே அனுப்பி, ‘டோக்கன் தொகை திரும்பச் செலுத்தப்பட்டது’ என்று குறிப்புப் போடுங்கள். அன்றைக்கே ஒரு கடிதம்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை, இன்ன நம்பர் செக் இரண்டும் இதற்காக வெறுமையாகக் கொடுத்தவை, கடன் எதுவும் பாக்கி இல்லை, ஏழு நாளில் திருப்பித் தரவும். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் அந்த இரண்டு நம்பருக்கும் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள். அது மட்டுமே 138 கேஸைத் தடுத்துவிடாது, ஆனால் செக் பேங்குக்குப் போகும் முன்பே நீங்கள் அனுப்பிய கடிதமும் பணம் திரும்பிய ரசீதும் சேர்ந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். ஏழு நாளில் வரவில்லை, அல்லது வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார் என்றால் கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனில் அந்தக் கடித நகலை இணைத்துப் புகார் கொடுங்கள். சட்ட உதவிக் குழுவுக்கு இந்த வாரமே போய்விடுங்கள், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் அசலை எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஆனால் யார் கேட்டாலும் ரசீது வாங்காமல் அசலை விட்டுவிட்டு வராதீர்கள்.